ருமேனியா: அதிபர்கள் மாறினார்கள், ரோமாக்களின் இடம் மாறவில்லை

2025 ஆகஸ்ட் 5 அன்று ருமேனியாவின் முன்னாள் அதிபர் இயோன் இலியெஸ்கு தனது 95ஆம் வயதில் இறந்தார். அன்று மாலை ஆய்வு மாணவர்களாகிய எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பெரிய விவாதம் நடந்தது. சௌசெஸ்குவின் சர்வாதிகாரத்திலிருந்து நாட்டை மீட்டவர் என்றார் ஒரு தோழர். மக்கள் நடத்திய புரட்சியைத் திருடிக்கொண்ட பழைய கட்சி நிர்வாகி என்றார் இன்னொருவர். மூன்றாமவர், எப்படியிருந்தாலும் சோசலிசம் வீழ்ந்த பிறகு கிழக்கு ஐரோப்பா சீரழிந்தது உண்மைதானே என்றார். நானும் பங்குக்கு நான்கைந்து பதிவுகள் போட்டேன்.

மறுநாள் காலை அந்த உரையாடலை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். ஏறத்தாழ எண்பது பதிவுகள். எல்லோரும் சாதி ஒழிப்புப் பேசுகிறவர்கள். அந்த எண்பதில் ஒன்றில்கூட 'ரோமா' என்ற சொல் இல்லை. என்னுடையதிலும் இல்லை. இந்தக் கட்டுரைக்கான காரணம் அந்த வெட்கம்தான்.

ஒரு நாட்டின் தலைவர்களை எடைபோடும்போது நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு: அவர் இடதா, வலதா? அவர் சர்வாதிகாரியா, சனநாயகவாதியா? இரண்டும் தேவையான கேள்விகளே. ஆனால் அந்த நாட்டின் கடைசிப் படியில் நிற்பவர் எங்கிருந்து கேள்வி கேட்பார் என்று யோசித்தால் அதே வரலாறு வேறு மாதிரித் தெரிகிறது. ருமேனியாவை நான் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அங்கே எல்லா வகைத் தலைவர்களும் ஆண்டு பார்த்துவிட்டார்கள் என்பதுதான். பாசிச மார்ஷல், பொதுவுடைமைப் பொதுச்செயலாளர், முன்னாள் பொதுவுடைமையாளர், பொதுவுடைமை எதிர்ப்பாளர், சிறுபான்மை இனத்தவர், தாராளவாதக் கணித அறிஞர் என்று அந்த வரிசை நீளுகிறது.

முதலில் பின்னணி. இன்றைய ருமேனியாவின் பகுதிகளான வாலாக்கியா, மொல்தாவியா என்ற இரண்டு சமஸ்தானங்களில் ரோமா மக்கள் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் அடிமைகளாக இருந்தார்கள். அதற்கான முதல் ஆவணம் 1385ஆம் ஆண்டைச் சேர்ந்தது: நாற்பது ரோமா குடும்பங்களை ஒரு மடாலயத்துக்குத் தானமாக எழுதிக்கொடுத்த பட்டயம். அரசருக்குச் சொந்தமான அடிமைகள், நிலப்பிரபுக்களுக்குச் சொந்தமான அடிமைகள், மடாலயங்களுக்குச் சொந்தமான அடிமைகள் என மூன்று வகை. மொல்தாவியாவில் 1855இலும் வாலாக்கியாவில் 1856இலும் அடிமைமுறை முற்றாக ஒழிக்கப்பட்டது. சட்டப்படி இழப்பீடு வழங்கப்பட்டது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. விடுதலையானவர்கள் வெறுங்கையோடு வெளியே வந்தார்கள்.

அவர்களுக்குள் குழுப் பெயர்களும் தொழிலிலிருந்து வந்தவையே. கரடி ஆட்டுபவர் 'உர்சாரி', செம்புப் பாத்திரம் செய்பவர் 'கல்தராரி', மரக்கரண்டி செதுக்குபவர் 'லிங்குராரி', இசை வாசிப்பவர் 'லவுத்தாரி'. அவர்களை வெளியார் அழைக்கும் சொல் 'சிகான்'. இந்தச் சொல்லின் மூலம் பைசாந்தியப் பேரரசின் காலத்தில் 'அதிங்கனோய்' என்ற கிரேக்கச் சொல்லில் இருக்கிறது என்பது மொழியியலாளர் பலரும் ஏற்கும் விளக்கம். அதன் பொருள், 'தொடாதவர்', 'தொடக்கூடாதவர்'. முதலில் ஒரு சமயப் பிரிவினருக்கு இருந்த பெயர் பிறகு ரோமாக்கள் மீது ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது தற்செயலாக இருக்கலாம். அது ஐந்து நூற்றாண்டுகள் வசைச்சொல்லாக நீடித்தது தற்செயல் அல்ல.

இரண்டாம் உலகப் போரின்போது நாட்டின் தலைமை மார்ஷல் இயோன் அந்தொனெஸ்குவிடம் இருந்தது. இவர் ஹிட்லரின் கூட்டாளி. 1942இல் சுமார் 25,000 ரோமாக்களை திரான்ஸ்னிஸ்திரியா என்ற கைப்பற்றப்பட்ட பகுதிக்கு நாடு கடத்தினார். பசியிலும் குளிரிலும் டைபஸ் காய்ச்சலிலும் ஏறத்தாழ 11,000 பேர் அங்கே இறந்தார்கள். 1946இல் அந்தொனெஸ்குவுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அடுத்து வந்தது பொதுவுடைமை ஆட்சி.

நம்மில் பலருக்கு இங்கிருந்துதான் சங்கடம் தொடங்குகிறது. நியாயமாகவே பேசுவோம். பொதுவுடைமை ஆட்சியில் ரோமாக்களுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது, அரசுப் பண்ணைகளில் வேலை கிடைத்தது, பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், பலருக்கு அடுக்குமாடி வீடுகள் கிடைத்தன. அதற்கு முன்னர் எந்த மன்னரும் அதைச் செய்யவில்லை. அந்தத் தலைமுறை அந்த நாட்களை ஏக்கத்தோடு நினைத்தால் அதில் வியப்பில்லை.

ஆனால் அந்த ஆட்சி ஹங்கேரியர்களையும் செருமானியர்களையும் 'உடன்வாழும் தேசிய இனங்கள்' என்று அங்கீகரித்தது. அவர்களுக்குத் தாய்மொழியில் பள்ளி, செய்தித்தாள், நாடக அரங்கு எல்லாம் இருந்தன. ரோமாக்களுக்கு அந்த அங்கீகாரம் தரப்படவில்லை. 1930களில் உருவாகியிருந்த ரோமா அமைப்பு கலைக்கப்பட்டது. அலைகுடிகளாக இருந்தவர்கள் வலுக்கட்டாயமாகக் குடியமர்த்தப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் சேர்த்துவைத்த தங்கக் காசுகள் பறிமுதல் செய்யப்பட்டன. கட்சியின் பார்வையில் அவர்கள் ஒரு மக்கள் இனம் அல்ல; 'பின்தங்கிய பழக்கவழக்கங்கள்' கொண்ட ஏழைகள். வேலை கொடுத்தால் வறுமை போகும், வறுமை போனால் ரோமா என்ற அடையாளமும் போகும். வர்க்கம் ஒழிந்தால் சாதி தானாக உதிரும் என்று நம் ஊரில் சொல்லப்பட்டதன் அதே தர்க்கம்.

அந்த ஆட்சியின் தலைவர் நிக்கோலாய் சௌசெஸ்கு. 1974இல் குடியரசுத் தலைவர் என்ற பதவியைப் புதிதாக உருவாக்கித் தானே அதில் அமர்ந்தார். பதவியேற்பில் அவர் கையில் ஒரு செங்கோல் தரப்பட்டது. ஓவியர் சல்வதோர் தாலி கிண்டலாக ஒரு வாழ்த்துத் தந்தி அனுப்ப, கட்சிப் பத்திரிகை அதை உண்மையான பாராட்டு என்று நினைத்து அச்சிட்டது. சிரிப்பதற்குரிய செய்திதான். ஆனால் உழைப்பாளர் கட்சியின் பொதுச்செயலாளர் ஒருவருக்குச் செங்கோல் தேவைப்பட்டது ஏன் என்று யோசிக்க வேண்டும். நிலவுடைமையை ஒழித்த ஆட்சி மேல்-கீழ் என்ற மனநிலையைத் தொடவே இல்லை. உச்சியில் மன்னர் இருந்த இடத்தில் பொதுச்செயலாளர் வந்தார். அடியில் இருந்தவர் அதே இடத்தில் இருந்தார்.

1989 டிசம்பரில் திமிசோராவில் எழுச்சி தொடங்கியது. டிசம்பர் 25 அன்று சௌசெஸ்குவும் அவர் மனைவியும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். கட்சியின் பழைய நிர்வாகியான இலியெஸ்கு தலைமைக்கு வந்தார். 1990 மே தேர்தலில் சுமார் 85 விழுக்காடு வாக்குகள் பெற்றார். அடுத்த மாதமே தலைநகர் புக்காரெஸ்டில் தன்னை எதிர்த்துப் போராடியவர்களை அடக்க, ஜியு பள்ளத்தாக்கின் சுரங்கத் தொழிலாளர்கள் வந்து இறங்கினார்கள். அவர்கள் மாணவர்களை அடித்தார்கள், எதிர்க்கட்சி அலுவலகங்களைச் சூறையாடினார்கள் என்பது பலருக்கும் தெரியும். அதே தொழிலாளர்கள் ரோமாக்கள் வாழும் பகுதிகளுக்குள்ளும் புகுந்து அடித்தார்கள் என்பதை அதிகம் பேர் எழுதுவதில்லை. வேலை முடிந்ததும் இலியெஸ்கு அவர்களுக்கு வெளிப்படையாக நன்றி சொன்னார். பாட்டாளி வர்க்கத்தின் கையிலிருந்த தடி தன்னைவிடக் கீழே இருந்தவர் மீது விழுந்தது. அந்த நிகழ்வுகளுக்காக அவர்மீது மானுடத்துக்கு எதிரான குற்ற வழக்கு தொடரப்பட்டது. தீர்ப்பு வருவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார்.

அவருடைய காலத்தில் கிராமம் கிராமமாக ரோமாக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. 1993 செப்டம்பரில் ஹதரேனி என்ற கிராமத்தில் ஒரு சண்டையில் ருமேனியர் ஒருவர் கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்கப் புறப்பட்ட கும்பல் மூன்று ரோமாக்களைக் கொன்று, பத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தியது. காவலர்கள் அங்கேயே இருந்தார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2005இல் ருமேனிய அரசைக் குற்றம்சாட்டித் தீர்ப்பளித்தது. ஒருவர் செய்த குற்றத்துக்கு ஒரு சமூகமே தண்டிக்கப்படுவதும், காவல்துறை கைகட்டி நிற்பதும், நீதி வர பன்னிரண்டு ஆண்டுகள் ஆவதும் இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியவை அல்ல.

எரித்த வீட்டைவிட ஆழமான காயம் இன்னொன்று உண்டு. 1991ஆம் ஆண்டின் 18ஆம் எண் நிலச் சட்டம். கூட்டுப் பண்ணைகளைக் கலைத்து, முன்பு நிலம் கொடுத்திருந்தவர்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் அதைத் திருப்பித் தந்தது அந்தச் சட்டம். கேட்பதற்கு நீதியாகவே இருக்கிறது. ஆனால் பறிகொடுக்க நிலமே இல்லாதிருந்தவர் எதைத் திரும்பப் பெறுவார்? நாற்பது ஆண்டுகள் அந்தப் பண்ணைகளில் உழைத்த ரோமாக்களில் பெரும்பாலோர் கையில் ஒரு துண்டு நிலமும் வந்து சேரவில்லை. தொழிற்சாலைகள் மூடப்பட்டபோது முதலில் வேலை இழந்தவர்களும் அவர்களே. 1856இல் இழப்பீடு உடைமையாளருக்குப் போனது. 1991இல் நிலமும் உடைமையாளருக்கே போனது. இடையில் ஒரு பொதுவுடைமைப் புரட்சி நடந்திருந்தது.

2004இல் அதிபரானவர் த்ரயான் பசெஸ்கு. கப்பல் தலைவராக இருந்து அரசியலுக்கு வந்தவர். 2006 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் பொதுவுடைமை ஆட்சியைக் குற்ற ஆட்சி என்று அதிகாரபூர்வமாகக் கண்டித்தார். மேற்குலகம் பாராட்டியது. ஐந்து மாதம் கழித்து, 2007 மே 19 அன்று, அவரைப் பதவிநீக்கம் செய்வதா என்ற பொதுவாக்கெடுப்பு நடந்தது. அன்று தன்னைக் கைப்பேசியில் படம்பிடித்தபடி கேள்வி கேட்ட பெண் பத்திரிகையாளரின் கைப்பேசியை அவர் பிடுங்கிக்கொண்டார். அது பதிவாகிக்கொண்டே இருந்தது. காரில் தன் மனைவியிடம் அந்தப் பத்திரிகையாளரை 'நாற்றமடிக்கும் சிகான்' என்று அவர் சொன்னது அதில் பதிவானது. கோபம் வந்ததும் ஒரு நாட்டின் அதிபர் வாயில் வந்த முதல் வசை அதுதான். பாகுபாட்டுக்கு எதிரான தேசிய மன்றம் அதைப் பாகுபாடு என்று அறிவித்தது.

அதே ஆண்டு அக்டோபரில் அதே பசெஸ்கு, திரான்ஸ்னிஸ்திரியாவிலிருந்து உயிர்பிழைத்த ரோமா முதியவர்களை அழைத்து விருது தந்து, அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். ரோமாக்களிடம் அப்படி மன்னிப்புக் கேட்ட முதல் அதிபர் அவர். 2010இல் வெளிநாட்டுப் பயணம் ஒன்றில், அலைகுடி ரோமாக்களில் வேலை செய்ய விரும்புவோர் குறைவு, பலர் திருடி வாழ்கிறார்கள் என்ற பொருளில் பேசி மீண்டும் சிக்கினார். இதில் எந்தப் பசெஸ்கு உண்மையானவர் என்று கேட்பதில் பயனில்லை. மூவருமே உண்மையானவர்கள்தாம். மேடையில் ஒடுக்கப்பட்டவரின் சிலைக்கு மாலை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அவர் பெயரை வசையாகச் சொல்லும் தலைவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். மன்னிப்பு அரசு ஆவணத்தில் இருந்தது. வசை நாக்கில் இருந்தது. 2009இல் அவர் மீண்டும் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்து வந்த தேர்தலை நான் இன்னும் முக்கியமானதாகக் கருதுகிறேன். 2014இல் கிளவுஸ் யொஹானிஸ் அதிபரானார். அவர் செருமானிய இனத்தவர். பெரும்பான்மை மக்கள் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள், அவர் லூத்தரன். 2011 கணக்கெடுப்பில் செருமானியர் எண்ணிக்கை சுமார் 36,000 மட்டுமே. அவ்வளவு சிறிய சிறுபான்மையிலிருந்து ஒருவர் நேரடித் தேர்தலில் வென்று அதிபராவதை ஐரோப்பா கொண்டாடியது. ருமேனியா பாகுபாட்டைக் கடந்துவிட்டது என்று எழுதினார்கள். செருமானியச் சிறுபான்மையும் துன்பம் அறியாதது அல்ல. 1945இல் அவர்களில் பல்லாயிரம் பேர் சோவியத் ஒன்றியத்துக்குக் கட்டாய உழைப்புக்கு அனுப்பப்பட்டவர்கள்.

ஆனாலும், எல்லாச் சிறுபான்மையும் ஒன்றல்ல. யொஹானிசின் பிரச்சார முழக்கம், 'நன்றாகச் செய்யப்பட்ட வேலையின் ருமேனியா'. செருமானியர் என்றால் உழைப்பு, ஒழுங்கு, நேர்த்தி என்று ருமேனியப் பொதுப்புத்தியில் ஒரு பிம்பம் உண்டு. அந்தப் பிம்பம் அவருக்கு வாக்காக மாறியது. அதே பொதுப்புத்தியில் ரோமாக்களுக்கு என்ன பிம்பம் என்பதை அவருக்கு முந்தைய அதிபரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். ஆக, எண்ணிக்கையில் சிறியவரா என்பது இங்கே கேள்வியே அல்ல. ஏணியில் எந்தப் படியில் வைக்கப்பட்டவர் என்பதே கேள்வி. அண்ணல் அம்பேத்கர் 'படிநிலைப்படுத்தப்பட்ட சமத்துவமின்மை' என்று பெயரிட்டது இந்தியச் சாதியமைப்புக்குத்தான். சாத்திரம் வகுத்து மதம் காக்கும் சாதியும் ருமேனியாவின் நிலையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கருத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால்தான் யொஹானிசின் வெற்றி ஏன் ரோமாக்களுக்குக் கதவைத் திறக்கவில்லை என்பது புரிகிறது. 2021இல் ரோமா வெறுப்பைத் தண்டிக்கும் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார் என்பதையும் பதிவுசெய்கிறேன். அந்தச் சட்டத்தின் பின்னே இருந்தது ரோமா இயக்கத்தினரின் நீண்ட உழைப்பு.

தலைவர்களை மட்டும் குறைசொல்லி முடித்துக்கொள்ளவும் முடியாது. 2011இல் பயா மாரே நகரின் மேயர், ரோமாக்கள் வாழும் குடியிருப்பைச் சுற்றி ஒரு கான்கிரீட் சுவர் எழுப்பினார். பாதுகாப்புக்காக என்றார். பாகுபாட்டுக்கு எதிரான மன்றம் அபராதம் விதித்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர் சுமார் 86 விழுக்காடு வாக்குகளுடன் மீண்டும் வென்றார். உத்தப்புரத்துச் சுவரைப் பார்த்த நமக்கு அந்தச் சுவர் அந்நியமாகத் தெரியாது. சுவரைக் கட்டியவர் தலைவர். அதற்கு வாக்களித்தவர்கள் அண்டைவீட்டார்.

2024 நவம்பரில் அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் கலின் ஜார்ஜெஸ்கு என்பவர் முதலிடம் பெற்றார். அந்தொனெஸ்குவைப் புகழ்ந்து பேசியவர். 11,000 ரோமாக்களின் சாவுக்குப் பொறுப்பான அதே மார்ஷலைத்தான். டிசம்பர் 6 அன்று அரசமைப்பு நீதிமன்றம் அந்தத் தேர்தலையே செல்லாது என்று அறிவித்தது. 2025 மே மாதம் நடந்த மறுதேர்தலில், கணித அறிஞரும் புக்காரெஸ்டு மேயருமான நிகுஷோர் தான், தீவிர வலதுசாரி ஜார்ஜ் சிமியோனைத் தோற்கடித்தார். ஏறத்தாழ 54க்கு 46. சனநாயகம் தப்பியது என்று தலைப்புகள் வந்தன. தப்பியது நல்லதுதான், மாற்று இருளாக இருந்திருக்கும். ஆனால் 46 விழுக்காடு எங்கேயும் போய்விடவில்லை. சௌசெஸ்குவின் அரசவைக் கவிஞராக இருந்த வாதிம் துதோர், 2000ஆம் ஆண்டிலேயே யூத வெறுப்பையும் ரோமா வெறுப்பையும் வைத்து அதிபர் தேர்தலின் இறுதிச் சுற்றுவரை வந்து மூன்றில் ஒரு பங்கு வாக்குகள் பெற்றிருந்தார். நேற்றைய பொதுவுடைமைப் புகழ்பாடி இன்றைய இனவெறித் தலைவராக ஒரே இரவில் மாற முடிந்தது என்றால், அதற்கான விதை அந்த ஆட்சிக்குள்ளேயே இருந்தது என்றுதான் பொருள்.

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் ஒரு இடம் இருக்கிறது. ரோமாக்களின் மொழி இந்திய-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. அவர்களின் மூதாதையர் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து சென்றவர்கள். 1971இல் லண்டன் அருகே கூடிய முதல் உலக ரோமா மாநாடு தங்கள் கொடியின் நடுவில் ஒரு சக்கரத்தை வைத்தது. 2016இல் டெல்லியில் நடந்த பன்னாட்டு ரோமா மாநாட்டில், அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் அவர்களை இந்தியாவின் பிள்ளைகள் என்று வாழ்த்தினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் போனவர்களைப் பிள்ளைகள் என்று அழைக்க ஓர் அரசுக்கு எதுவும் செலவாவதில்லை. சேரியில் இருக்கும் பிள்ளைகளை ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாத சமூகத்தை நோக்கி அதே சொல்லை அதே உரிமையோடு சொல்லியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

நம்மிடமும் ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து குடியரசுத் தலைவர்கள் வந்திருக்கிறார்கள். கே.ஆர். நாராயணன், ராம்நாத் கோவிந்த், திரௌபதி முர்மு. அந்த நாற்காலி நமக்குத் தேவையில்லை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ருமேனியாவில் ஒரு ரோமா இன்றுவரை அந்த நாற்காலிக்கு அருகில்கூட வர முடியவில்லை என்பதே அதன் மதிப்பைச் சொல்லும். அரசமைப்பு ரோமா சிறுபான்மைக்கு நாடாளுமன்றத்தில் ஓர் இடம் ஒதுக்குகிறது. 2021 கணக்கெடுப்பில் தன்னை ரோமா என்று பதிந்தவர்கள் சுமார் 5.7 இலட்சம் பேர். ஐரோப்பிய கவுன்சிலின் மதிப்பீடோ ஏறத்தாழ 18.5 இலட்சம். இடையே காணாமல்போன பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எங்கே? அந்தப் பெயரைச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்கள் அதைச் சொல்லாமல் வாழ்கிறார்கள். வாடகை வீடு கேட்கும்போது ஊர்ப் பெயரைச் சொல்லத் தயங்கும் நம் நண்பர்களை எனக்குத் தெரியும்.

இந்தியச் சோசலிஸ்டுகள் சாதியைப் புரட்சிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது என்று அம்பேத்கர் 1936இலேயே எச்சரித்தார். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாற்பதாண்டுப் பொதுவுடைமை ஆட்சியும் முப்பத்தைந்தாண்டு முதலாளித்துவ சனநாயகமும் கண்ட ருமேனியா சாட்சி. பொதுவுடைமை வேலை கொடுத்தது, மதிப்பைக் கொடுக்கவில்லை. முதலாளித்துவம் வந்து வேலையைப் பறித்தது, மதிப்பு முன்பே இல்லை. இதைச் சொல்வதால் நான் இடதுசாரிக்கு எதிரி ஆகிவிட மாட்டேன். நிலமும் வேலையும் இல்லாமல் சாதி ஒழிப்பு இல்லை என்பதை 1991ஆம் ஆண்டு நிலச் சட்டமே நமக்குச் சொல்லிவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பேசுகிற அரசியலைத்தான் கேட்கிறேன்.

ருமேனியாவில் பிப்ரவரி 20, ரோமா அடிமைமுறை ஒழிக்கப்பட்டதை நினைவுகூரும் நாளாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டிருக்கிறது. அடுத்த பிப்ரவரி 20 அன்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முதல் பதிவு என்னுடையதாக இருக்கும். அது எந்த அதிபரைப் பற்றியும் இருக்காது. 1856இல் வெறுங்கையோடு வெளியே வந்தவர்களைப் பற்றி இருக்கும். தோழர்களே, அடுத்த முறை ஒரு நாட்டின் தலைவர் இறந்தாலோ, வீழ்ந்தாலோ, வென்றாலோ, அவர் இடதா வலதா என்று கேளுங்கள். அதோடு, அவர் ஆட்சியில் அந்த நாட்டின் கடைசி மனிதருக்கு நிலம் கிடைத்ததா, அவர் தன் பெயரை அச்சமில்லாமல் சொல்ல முடிந்ததா என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்காமல் எண்பது பதிவுகள் போட்டவர்களில் நானும் ஒருவன்.